நகரத்துச் சிறு பூங்காவும் மகரந்தப் பூச்சிகளும்

பூங்கா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன ஒரே மட்டமாக வெட்டப்பெற்ற புல்தரை, வரிசை பிசகாத அழகுச் செடிகள், சுற்றிலும் கம்பிவேலி, "புல்லின்மேல் நடக்காதீர்" என்ற அறிவிப்புப் பலகை ஆகியவையே. இத்தகைய பூங்கா கண்ணுக்கு இனியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நடுப்பகல் வேளையில் அதன் வாயிலருகே சற்று நின்று நோக்கினால் இரண்டு காட்சிகள் புலப்படும். கதவு பூட்டியிருக்க, தெருக் கூட்டும் பெண்களும் தள்ளுவண்டி வியாபாரிகளும் வேலிக்கு வெளியே நடைபாதையில் அமர்ந்து உணவருந்துவர். உள்ளே செக்கச்செவேலென்று பூத்துக் குலுங்கும் செடிகளில் ஒரு தேனீயேனும் வந்து அமர்வதில்லை.

இவ்விரண்டு காட்சிகளும் தொடர்பற்றவை போலத் தோன்றினும் இவற்றின் காரணம் ஒன்றே. பூங்காவைப் பார்ப்பதற்குரிய பொருளாகக் கருதினோமேயன்றி, வாழ்வதற்கும் இளைப்பாறுவதற்கும் உரிய இடமாகக் கருதவில்லை. எளிய மக்களுக்கு இடமளிக்கும் பூங்காவே எளிய உயிரினங்களுக்கும் இடமளிக்கவல்லது என்பதைப் பெங்களூர் நகரத்தின் அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெங்களூரின் தோப்புகளும் தோட்டங்களும்

கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மிதமான தட்பவெப்பத்துடன் விளங்கும் பெங்களூருக்குத் தோட்ட நகரம் என்ற பெயர் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. 1760 ஆம் ஆண்டில் ஹைதர் அலி தோற்றுவித்த லால்பாக் தோட்டம் இன்று 240 ஏக்கர் பரப்பில் பரந்து கிடக்கிறது. 1870 இல் ரிச்சர்டு சாங்கி என்ற பொறியாளரின் மேற்பார்வையில் கப்பன் பூங்கா உருவாயிற்று. 1908 இல் பெங்களூருக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநரான கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓயும்பொழுது மற்றொரு மரம் பூக்கத் தொடங்குமாறு சாலை மரங்களைத் தேர்ந்து நடும் முறையை இந்நகரில் புகுத்தினார். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருத்தல் வேண்டும் என்ற அவரது கருத்து கண்ணழகைக் குறித்து எழுந்ததே எனினும், அது தேனீக்களுக்கும் இன்றியமையாதது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இப்பெருந்தோட்டங்களைவிடத் தொன்மையானதும் எளிமையானதுமான வேறொரு பசுமையிடமும் இப்பகுதியில் இருந்தது. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஊர்ப் பொதுவாக மா, பலா, நாவல், புளி, ஆல் முதலிய மரங்கள் அடங்கிய தோப்புகள் வளர்க்கப்பட்டன. கன்னடத்தில் இவற்றைக் குண்டுதோப்பு என்பர். வழிப்போக்கர் அங்கே இளைப்பாறினர், கால்நடைகள் நிழலில் நின்றன, சிறுவர் விளையாடினர், ஊரார் பழங்களையும் சுள்ளிகளையும் பெற்றனர். அங்கு வேலியுமில்லை, நுழைவுக் கட்டணமுமில்லை. மரங்கள் பூத்த காலத்தில் தேனீக்களும், பழுத்த காலத்தில் பறவைகளும் வௌவால்களும் அங்கு நிறைந்தன. நகரம் விரிவடைந்தபோது இத்தோப்புகளில் பல, கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் இரையாயின. அவற்றின் இடத்தைக் குடியிருப்புப் பகுதிகளின் சிறு பூங்காக்கள் பெற்றன. ஆயினும் தோப்பின் பயன்களைப் பெரும்பாலான பூங்காக்கள் பெறவில்லை.

1985 ஆம் ஆண்டில் கர்நாடக அரசு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்த வெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. நிலத்தைக் காப்பதற்கு இச்சட்டம் துணை செய்கிறது. காத்த நிலத்தில் என்ன வளர்ப்பது, யாருக்குத் திறந்துவைப்பது என்பவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

மகரந்தப் பூச்சிகள் யாவை?

ஒரு பூவின் மகரந்தம் அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பூவின் சூல்முடியை அடைந்தாலன்றிப் பல தாவரங்களில் காயோ விதையோ உண்டாவதில்லை. இப்பணியைக் காற்றும் நீரும் ஓரளவு செய்கின்றன. பெரும்பகுதியைச் செய்பவை பூச்சிகளும் பறவைகளும் வௌவால்களுமே. உலகின் முதன்மையான 115 உணவுப் பயிர்களை ஆராய்ந்து 2007 இல் வெளியிடப்பட்ட ஓர் அறிக்கை, அவற்றுள் 87 பயிர்கள் ஏதேனும் ஓர் அளவில் விலங்கினங்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருப்பதாகத் தெரிவித்தது. அரிசி, கோதுமை போன்ற தானியங்கள் காற்றாலும் தன் மகரந்தத்தாலும் விளைவன. காய்கறி, கனி, எண்ணெய் வித்துக்கள் ஆகியவற்றில் பலவற்றுக்குப் பூச்சிகளின் உதவி தேவைப்படுகிறது.

மகரந்தப் பூச்சி என்றால் தேனடை கட்டும் தேனீ மட்டுமே என்று எண்ணுதல் தவறாகும். உலகில் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்து வாழ்வன. நம் நாட்டில் மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொட்டும் ஆற்றலற்ற கொசுத்தேனீ ஆகியவை கூட்டமாக வாழ்கின்றன. கருநீல நிறத்தில் பெருத்த உடலோடு ரீங்காரமிட்டு வரும் தச்சுத் தேனீ, காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுத் தனியே கூடமைக்கும். இலைவெட்டித் தேனீ, ரோஜா முதலியவற்றின் இலைகளை வட்டமாக நறுக்கிச் சென்று தன் கூட்டின் அறைகளை அமைக்கும். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டி வாழும்.

தக்காளி, கத்தரி ஆகியவற்றின் மகரந்தப் பையில் நுனித் துளை வழியாகவே மகரந்தம் வெளிவரும். நீலப்பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு தம் மார்புத் தசைகளை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. அடுக்குத் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. ஆகவே, தேன் தரும் தேனீயை மட்டும் வளர்ப்பதால் தனித்து வாழும் தேனீக்களின் குறை நிரம்பாது. இவற்றோடு வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள், பூ ஈக்கள், வண்டுகள், தேன்சிட்டுகள் ஆகியனவும் மகரந்தச் சேர்க்கையில் பங்குகொள்கின்றன.

பூவிருந்தும் தேனில்லை

நகரப் பூங்காக்களில் மலர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றுள் பல, பூச்சிகளின் நோக்கில் வெறும் காகிதப் பூக்களே. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு ரோஜா முதலியவற்றில் மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறிவிடுகின்றன. ஆகவே மகரந்தம் குறைவு, உள்ளே நுழைவதும் அரிது. வேலிச் செடிகளை மாதந்தோறும் கத்தரித்துக்கொண்டேயிருந்தால் அவை பூப்பதற்கே இடமில்லை. புல்தரையை ஓயாமல் வெட்டினால் அதனூடே முளைக்கும் தும்பையும் பிற சிறு பூண்டுகளும் மலருமுன்பே அழிகின்றன. உதிர்ந்த இலைகளையெல்லாம் கூட்டி எரித்தால் அவற்றினடியில் உறங்கும் கூட்டுப்புழுக்கள் மடிகின்றன. தரை முழுவதும் சிமெண்டு பரப்பினால் மண்ணில் வளை தோண்டும் தேனீக்கு வீடில்லை.

புல்தரைக்கு வேறொரு செலவும் உண்டு. 2024 ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டபொழுது, அந்நகரக் குடிநீர் வாரியம் தோட்டங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதைத் தடைசெய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படும் என்று அறிவித்தது. அத்தகைய கோடையிலும் புங்கமும் வேம்பும் நொச்சியும் வாடி மடிவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பூச்சிகளுக்கு உண்டாகும் மற்றொரு தீங்கு நஞ்சு. பெங்களூரைச் சுற்றியுள்ள காய்கறி நிலங்களில் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் ஜெர்மனியின் கோட்டிங்கென் பல்கலைக்கழகத்தாரும் கூட்டாக ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட முடிவு இங்கு நினைவுகூரத்தக்கது. நகரமயம் சிறிதளவு இருக்குமிடங்களில் காட்டுத் தேனீக்கள் நன்மை பெறுகின்றன என்றும், பூச்சிமருந்துகளால் அவை துன்புறுகின்றன என்றும் அவ்வாராய்ச்சி காட்டிற்று. நகரம் என்பதாலேயே தேனீக்களுக்கு அங்கு வாழ்வில்லை என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை. நாம் நகரத்தை நடத்தும் முறையே அவற்றின் வாழ்வையும் தாழ்வையும் முடிவுசெய்கிறது.

எளியோர் முற்றம் கற்பிக்கும் பாடம்

ஹரிணி நாகேந்திரா, திவ்யா கோபால் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் பெங்களூரின் 44 குடிசைப் பகுதிகளில் உள்ள செடிகொடி மரங்களை ஆராய்ந்து தம் முடிவுகளை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். அங்கு மரங்கள் குறைவே. ஆயினும் இருப்பவற்றுள் உணவுக்கும் மருந்துக்கும் வழிபாட்டுக்கும் உதவுவனவே மிகுதி. முருங்கை அவற்றுள் முதன்மையானது. இடமில்லாதவர்கள் உடைந்த வாளியிலும் வண்ணப் பூச்சு டப்பாவிலும் பிளாஸ்டிக் பையிலும் துளசி முதலிய செடிகளை வளர்த்து வந்தனர். வசதி மிக்க பகுதிகளின் பூங்காக்களிலோ அயல்நாட்டு அழகு மரங்களே மிகுந்து காணப்பட்டன.

இம்முற்றங்களின் செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால் வியப்பான ஓர் உண்மை புலனாகும். மனிதனுக்குப் பயன்தரும் செடிகளில் பல, பூச்சிகளுக்கும் பயன் தருவனவே. முருங்கையின் காயும் கீரையும் குடும்பத்திற்கு. அதன் பூ தச்சுத் தேனீக்கு. அத்தேனீ வாராவிடில் காயும் குறையும். துளசியின் கதிர் பூசைக்கு. அதன் தேன் கொசுத்தேனீக்கும் அடுக்குத் தேனீக்கும். கறிவேப்பிலை குழம்புக்கு, அதன் தளிர் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு. எருக்கம்பூ விநாயகர் மாலைக்கு. அதன் இலை, செம்பழுப்புச் சிறகில் கருமையும் வெண்புள்ளியும் கொண்ட வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு. நாவற்பழம் சிறுவருக்கு, அதன் பூ தேனீக்களுக்கு.

ஆகவே, பூச்சிகளுக்கென்று ஒரு தோட்டமும் மக்களுக்கென்று மற்றொரு தோட்டமும் வேண்டுவதில்லை. இரு சாராருக்கும் பொதுவான செடிகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு தோட்டமே போதும். இவ்வறிவு நூல்களில் மட்டுமன்றி, நகரத்துக் குடிசை முற்றங்களிலும் இருக்கிறது. பூங்கா அமைக்க முற்படும் உத்தியோகஸ்தர், வரைபடம் தீட்டுமுன் அம்முற்றங்களுக்குச் சென்று அங்குள்ள தாய்மாரைக் கேட்டறிதல் நன்று.

சிறு பூங்காவை அமைக்கும் முறை

கால் ஏக்கர் நிலமிருந்தாலும் போதும். அதனினும் சிறிதாயினும் பாதகமில்லை. கொசுத்தேனீ போன்ற சிறு தேனீக்கள் தம் கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவே பறக்கவல்லவை. தொலைவிலுள்ள பெருந்தோட்டம் ஒன்றைவிட, ஆங்காங்கே அண்மையிலமைந்த பல சிறு பூங்காக்கள் அவற்றுக்குப் படிக்கற்களாக உதவும். பன்னர்கட்டாவில் 2006 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 7.5 ஏக்கர் நிலத்தில் திறக்கப்பட்டது. தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு, ஏலஹங்காவிலுள்ள தன் வளாகத்தில் மகரந்தப் பூச்சிகளுக்கெனத் தோட்டம் ஒன்றை வளர்த்துள்ளது. இவை கற்பதற்கு உகந்தவை. எனினும், நாட்கூலி பெறும் தொழிலாளியும் அவர் குழந்தையும் நாள்தோறும் நடந்து சென்று அடையக்கூடியது தம் தெருவிலுள்ள சிறு பூங்காவே.

முதலாவதாக, ஆண்டு முழுவதும் பூ இருக்குமாறு நடவேண்டும். மாசி பங்குனியில் புரசும், பங்குனி சித்திரையில் புங்கமும் நாவலும், சித்திரை வைகாசியில் சரக்கொன்றையும் பூக்கும். மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும் நொச்சி, துளசி, தும்பை, ஒற்றையடுக்குச் செம்பருத்தி, ஆவாரை முதலியன குறையை நிரப்பும். ஓர் இனத்துச் செடிகளைச் சிதறி நடாமல், ஒரே இடத்தில் கூட்டமாக நட்டால் பூச்சிகள் அவற்றை எளிதில் கண்டுகொள்ளும். பழைய அரசு, ஆல், அத்தி மரங்கள் இருப்பின் அவற்றை எவ்வகையிலும் அகற்றலாகாது. இம்மரங்களின் ஒவ்வோர் இனத்திற்கும் உரிய சிறு குளவியினமே அவற்றில் மகரந்தச் சேர்க்கை செய்கிறது. பறவைகள் பலவற்றுக்கும் அவற்றின் பழமே உணவு.

இரண்டாவதாக, உணவோடு உறைவிடமும் தருதல் வேண்டும். வெயில் படும் மூலையில் இரண்டு மூன்று சதுர மீட்டர் மண்ணைக் கொத்தாமலும் மூடாமலும் விடுக. பட்ட கிளைகள் சிலவற்றை அடுக்கி வைக்க. 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை துளையுள்ள நாணல், மூங்கில் துண்டுகளை ஒரு சாண் நீளத்திற்கு நறுக்கிக் கட்டி, மழை படாத இடத்தில் தொங்கவிடுக. இலைச் சருகுகளை எரிக்காமல் ஓர் ஓரத்தில் குவித்து எருவாக்குக. அகன்ற தட்டில் கூழாங்கற்களை இட்டு நீர் வைத்தால் தேனீக்கள் மூழ்காமல் அருந்தும். அந்நீரை வாரம் இருமுறை கொட்டி மாற்றுதல் கட்டாயம். அவ்வாறு செய்தால் டெங்குவைப் பரப்பும் கொசு அதில் பெருக வழியில்லை.

மூன்றாவதாக, நஞ்சைத் தவிர்த்தல் வேண்டும். பூத்திருக்கும் செடியின்மீது பூச்சிமருந்து தெளிப்பது தேனீக்களை நேரே கொல்வதாகும். புழு அரித்த இலையைக் கண்டு தோட்டக்காரர் பதறுவது இயல்பு. அப்புழுவே சில நாட்களில் வண்ணத்துப்பூச்சியாகும் என்பதை அவருக்கும், அவரைக் கண்டிக்கும் மேலதிகாரிக்கும் எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமையாகும். அரித்த இலைகள் நிறைந்த கறிவேப்பிலைச் செடி, தன் பணியைச் செய்துகொண்டிருக்கும் செடி எனக் கொள்க.

யாவர்க்கும் இடம்

பெங்களூரின் பெரும்பாலான மாநகராட்சிப் பூங்காக்கள் நெடுநாளாக நடுப்பகலில் சில மணி நேரம் மூடப்பட்டிருந்தன. காலையில் உலாவச் செல்வோருக்கும் மாலையில் காற்று வாங்குவோருக்கும் இது இடையூறாகத் தோன்றவில்லை. ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும், துப்புரவுத் தொழிலாளருக்கும், வண்டியோட்டிகளுக்கும் ஓய்வு கிடைப்பது அந்நேரத்திலேதான். 2024 ஜூன் மாதத்தில், பூங்காக்கள் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று அன்றைய மாநகராட்சி அறிவித்தது. 2025 செப்டம்பரில் அம்மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. அறிவிப்பு ஒவ்வொரு வாயிலிலும் நடைமுறைக்கு வந்து நிலைக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு இனி அவற்றையும் ஊர்மக்களையும் சாரும்.

இதில் விஞ்ஞானப் பயன் ஒன்றும் அடங்கியுள்ளது. வண்ணத்துப்பூச்சிகள் வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பின்னரே நன்கு பறக்கின்றன. முற்பகலும் நடுப்பகலுமே அவை மிகுந்து காணப்படும் வேளை. பூங்காவை அவ்வேளையில் மூடிவைத்தால் தொழிலாளர் ஓய்வை இழப்பர். பள்ளி மாணவர் பாடத்தை இழப்பர்.

வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே வருவதற்கும் தங்குவதற்கும் இயலவேண்டும். பெங்களூரில் மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் பெற்றோர் தொடங்கிய கிலிகிலி என்னும் அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இவ்வமைப்பினர் மாநகராட்சியோடு இணைந்து கோல்ஸ் பூங்கா, எம். என். கிருஷ்ணராவ் பூங்கா முதலிய பொதுப் பூங்காக்களில், எல்லாக் குழந்தைகளும் ஒருங்கே விளையாடத்தக்க இடங்களை அமைத்தனர். மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்கெனத் தனியிடம் ஒதுக்காமல், யாவரும் கலந்து விளையாடும் இடத்தை உண்டாக்கியதே இதன் சிறப்பு.

நமது சிறு பூங்காவிலும் இதே நெறியைப் பின்பற்றலாம். படிக்கட்டுக்கு மாற்றாக, 12 அடி நீளத்திற்கு 1 அடிக்கு மேல் உயராத சாய்தளம் அமைந்தால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையின்றிச் செல்லும். பார்வையற்றோர் அறிந்து மகிழுமாறு துளசி, நொச்சி, கறிவேப்பிலை ஆகிய மணமுள்ள செடிகளைப் பாதையோரம் இடுப்புயர மேடையில் நடலாம். வேலிச்செடி பெண்களின் பார்வையை மறைக்காத உயரத்திலிருப்பின் அவர்கள் அச்சமின்றி அமர்வர். குடிநீர்க் குழாய், கழிப்பிடம், மர நிழலில் சாய்வுள்ள பலகை ஆகிய மூன்றும் இல்லாத பூங்காவில் முதியோர் அரை மணி நேரமும் தங்கமாட்டார்கள்.

செடிகளின் பெயர்ப் பலகையும் ஒரு பாலமாகலாம். பெங்களூரில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி பேசும் மக்கள் அடுத்தடுத்து வாழ்கின்றனர். நாம் புங்கம் என்பதைக் கன்னடத்தார் ஹொங்கே என்பர், முருங்கை அவர்களுக்கு நுக்கே, நாவல் நேரளே, நொச்சி லக்கி, தும்பை தும்பே. தாவரவியல் பெயரோடு இப்பெயர்களையும் எழுதி வைத்தால், தன் ஊர்ச் செடியைத் தன் மொழியில் கண்ட கூலித் தொழிலாளி அப்பூங்காவைத் தனதென்று கருதுவார்.

பூப்பறித்தல், இலை கிள்ளுதல் ஆகியவற்றை முற்றிலும் தடைசெய்வது வழக்கம். அதைவிட, முருங்கை, கறிவேப்பிலை, துளசி ஆகியவற்றை மிகுதியாக நட்டு, எவ்வளவு பறிக்கலாம், எவ்வளவு பூச்சிகளுக்கு விடவேண்டும் என்பதை அப்பகுதியார் கூடி முடிவுசெய்தல் சிறந்தது. பறிக்க உரிமை பெற்றவரே காக்கவும் முன்வருவர். பழைய தோப்புகள் பலகாலம் நிலைத்ததன் காரணமும் இதுவே.

அச்சமும் எச்சரிக்கையும்

தேனீக்களை வரவேற்போம் என்றவுடன் எழும் முதல் மறுப்பு, அவை கொட்டுமே என்பதாகும். இம்மறுப்பை ஏளனம் செய்தல் கூடாது. மலைத்தேனீயின் பெருங்கூடு கலைக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆனால் அது உயர்ந்த கிளைகளிலும் கட்டடங்களிலும் கட்டும் இயல்பினது. பருவம் மாறியதும் இடம்பெயர்ந்து செல்வது. அத்தகைய கூடு தென்பட்டால் அவ்விடத்தைக் கயிறு கட்டி விலக்கி, கல்லெறியாமலும் புகையிடாமலும் பார்த்துக்கொண்டு, பயிற்சி பெற்றவர்க்குத் தெரிவிப்பதே முறை. தனித்து வாழும் தேனீக்களைக் கையால் பிடித்தாலன்றி அவை கொட்டுவது அரிது. கொசுத்தேனீக்குக் கொடுக்கே பயன்படாது. எருக்கின் பால் கண்ணிற்பட்டால் தீங்கு விளைவிக்குமாதலால் அதனைச் சிறுவர் ஆடுமிடத்திற்கு அப்பால் நடுதல் வேண்டும்.

கொசு ஒழிப்புக்காக அடிக்கப்படும் புகை, பிற பூச்சிகளையும் கொல்லவல்லது. நோய்த்தடுப்பு இன்றியமையாதது, அதில் இரு கருத்தில்லை. எனினும் தேங்கிய நீரை அகற்றுதலே கொசுவை வேரோடு தடுக்கும் வழி என்பதைச் சுகாதாரப் பணியாளர் நன்கறிவர். அதனைச் செவ்வனே செய்தால் புகையின் தேவை குறையும்.

பள்ளிகளுக்கு ஒரு பயிற்சி

அருகில் இத்தகைய பூங்கா அமையுமாயின் ஆசிரியர்க்கு அது செலவில்லாத ஆய்வுக்கூடமாகும். மாணவரை ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சதுர மீட்டர் அளவுள்ள பூத்த செடிக்கூட்டம் ஒன்றை ஒதுக்குக. காலை 10 மணிக்கும் நண்பகலிலும் பிற்பகல் 3 மணிக்கும் பத்துப் பத்து நிமிடம் அசையாமல் நின்று, பூவில் வந்தமர்ந்தவற்றைக் கூட்டுத் தேனீ, தனித் தேனீ, வண்ணத்துப்பூச்சி, ஈ, வண்டு, பறவை என வகைப்படுத்தி எண்ணச் செய்க. வெயில், மேகம், காற்று ஆகியவற்றையும் குறிக்கச் செய்க. மாதம் ஒருமுறை இவ்வாறு செய்துவந்தால் ஓராண்டில் அப்பூங்காவின் பூச்சிக் கணக்கு ஒன்று உருவாகிவிடும். அடுக்குச் செம்பருத்தியையும் ஒற்றைச் செம்பருத்தியையும் அருகருகே வைத்து எண்ணினால் முன்னர்க் கூறிய வேற்றுமை நேரிலேயே விளங்கும்.

பூசணிக் கொடியில் மற்றொரு சோதனை செய்யலாம். அதில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே உண்டாகின்றன. மறுநாள் மலரவிருக்கும் பெண் மொட்டுகள் நான்கை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டுக. வேறு நான்கைத் திறந்தே விடுக. பூ வாடிய பின் பையை அகற்றிவிடலாம். ஒரு வாரத்தில், மூடிய பூக்களின் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்வதையும், திறந்த பூக்களிற் சில காயாகப் பருப்பதையும் மாணவர் காண்பர். தேனீயின் உழைப்பு இன்னதென்று அதன்பின் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் சபை உலகத் தேனீ நாளாக அறிவித்துள்ள மே 20 கோடை விடுமுறையில் வருவதாயின், இக்கணக்கைப் பொதுமக்கள் முன் பூங்காவிலேயே மாணவர் படித்துக்காட்டும் நிகழ்ச்சிக்கு அந்நாளைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முடிவுரை

கோஸ்ட்டா ரிக்கா நாட்டிலுள்ள குர்ரிடபாட் என்னும் நகரம், தேனீ, வண்ணத்துப்பூச்சி முதலியவற்றைத் தன் குடிமக்களாகவே கருதி நகரத் திட்டத்தை வகுத்திருக்கிறது. கேட்பதற்குப் புதுமையாக இருப்பினும், ஊர்த்தோப்பில் ஆளுக்கும் மாட்டுக்கும் பறவைக்கும் பங்கு வைத்த நம் முன்னோர்க்கு இக்கருத்து அயலானதன்று.

சிறு பூங்காவால் நகரத்தின் எல்லாக் குறைகளும் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. மறைந்த தோப்புகளையும் தூர்ந்த ஏரிகளையும் அது ஈடுசெய்யாது. எனினும் ஒரு தெருவில் ஒரு வாயில் நடுப்பகலில் திறந்திருக்கவும், அதனுள்ளே ஒரு புங்க மர நிழலில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் அமர்ந்து உணவருந்தவும், அவர் தலைக்குமேல் தேனீக்கள் பூவுக்குப் பூ சென்றுவரவும் வழி செய்வது நம் ஆற்றலுக்கு உட்பட்டதே. இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. புல் வெட்டும் கத்தியைச் சற்று நிறுத்தவும், மருந்துத் தெளிப்பானை ஒதுக்கி வைக்கவும், பூட்டைத் திறக்கவும் மனம் இருந்தால் போதும். களப்பணியாளரும் ஆசிரியரும் தத்தம் ஊரில், வரும் மழைப் பருவத்திற்குள் இத்தகைய ஓரிடத்தையேனும் தேர்ந்து இப்பணியைத் தொடங்குவார்களாக.